மதியம் மட்டும் நிற்கும் கம்ப்யூட்டர்

கேள்வி: குடியாத்தத்தில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதே இடத்தில் முன்பு இருபத்தைந்து வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினேன். மேலே சிமெண்ட் சீட். பக்கத்துக் கடை மாவு மில். கம்ப்யூட்டரில் இருப்பது இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், வாங்கிப் பத்து வருடம் தாண்டிவிட்டது. கேபினட்டை மேஜைக்கு அடியில் மரப்பெட்டி செய்து உள்ளே வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு மேல் பொட்டென்று நின்றுவிடுகிறது. உடனே ஆன் செய்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி நிற்கிறது. அரை மணி நேரம் விட்டுப் போட்டால் ஓடுகிறது. காலையிலும் இரவிலும் தொந்தரவே இல்லை. தெரிந்த பையன் ஒருவன் மெமரியான ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டான், பலனில்லை. ஒரு கடையில், உள்ளே மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ் போய்விட்டது என்று 1,800 ரூபாய்க்குப் புதிது போட்டார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது, அப்புறம் பழைய கதை. இன்னொரு கடையில் மதர்போர்டு போய்விட்டது, 7,500 ஆகும் என்கிறார்கள். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நோட்டீஸ் வேலை குவிந்து கிடக்கிறது. மதர்போர்டு போடலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா? கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் வேறு அடிக்கிறது, அதுவும் காரணமாக இருக்குமா?

பின்குறிப்பு: விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் லேப்டாப்பில் டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, கிளிக் ஆக மாட்டேன் என்கிறது. டச்பேட் மாற்ற என்ன செலவாகும்?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் பின்குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். கடை கம்ப்யூட்டர் இன்னும் ஒரு வாரம் மதியத்தில் நின்றாலும் போவது கொஞ்சம் பணமும் நிம்மதியும்தான். மகளின் லேப்டாப் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

டச்பேட் தானாகத் தூக்கிக்கொள்ளாது. அடியிலிருந்து ஏதோ அதைத் தள்ளுகிறது. பெரும்பாலான லேப்டாப்களில் டச்பேடுக்குக் கீழேயோ அதை ஒட்டியோ இருப்பது பேட்டரி. லித்தியம் பேட்டரி வயதானாலும், சூட்டிலேயே கிடந்தாலும், உள்ளே இருக்கும் ரசாயனம் சிதைந்து வாயு உண்டாகும். மேலுறை மெல்லியது என்பதால் பூரி மாதிரி உப்பிக்கொள்ளும். லேப்டாப்பை மூடிச் சமமான மேஜையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மூலையைத் தட்டினால் ஆடுகிறதா? அடிமூடியின் ஓரத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிகிறதா? மூடினால் திரை சரியாகப் பொருந்தாமல் நிற்கிறதா? ஒன்று இருந்தாலும் பேட்டரி உப்பிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றாலும், திறந்து பார்க்கும் வரை அதே எச்சரிக்கையோடு இருப்பது நல்லது.

இதைப் படித்ததும் மகளுக்குப் போன் செய்யுங்கள். ஷட் டவுன் செய்துவிட்டுச் சார்ஜரைப் பிடுங்க வேண்டும். தூக்கிய டச்பேடை அழுத்தி உட்கார வைக்கப் பார்க்கக் கூடாது, மேலே புத்தகம் அடுக்கக் கூடாது. ஊசியால் குத்திக் காற்றை இறக்கிவிடலாம் என்று எந்த வீடியோவில் யார் சொன்னாலும் கேட்கக் கூடாது; குத்தினால் தீப்பிடிக்கும். மெத்தை, துணி, பேப்பர் எதுவும் பக்கத்தில் இல்லாத வெறும் சிமெண்ட் தரையில், வெயில் படாமல் வைத்துவிட்டு, கடை திறந்ததும் சர்வீஸில் கொடுத்துப் பேட்டரியைக் கழற்றச் சொல்லட்டும். புகையோ சீறும் சத்தமோ வந்தால் லேப்டாப்பை மறந்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்து ஆட்களைக் கூப்பிட வேண்டும். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் சேர்க்க வேண்டும்.

டச்பேட் செலவைக் கேட்டிருந்தீர்கள். பேட்டரியை எடுத்ததும் பெரும்பாலும் டச்பேட் தானே கீழிறங்கிப் பழையபடி கிளிக் ஆகும், ஒரு பைசா செலவிருக்காது. என் மேஜைக்கு வந்த ஒரு லேப்டாப்பில் ஏற்கெனவே இரண்டு முறை டச்பேட் மாற்றியிருந்தார்கள். திறந்தால் அடியில் பேட்டரி தலையணை மாதிரி கிடந்தது. புதிய பேட்டரி வாங்கும்போது லேப்டாப்பின் பெயரைச் சொல்லி வாங்காமல், பழைய பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரையும் வோல்ட் அளவையும் ஒப்பிட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று வகைப் பேட்டரி வருவதுண்டு. அது வந்து சேரும் வரை பல லேப்டாப்கள் சார்ஜரில் மட்டுமே ஓடும், சில கொஞ்சம் மந்தமாக ஓடும். புதியது போட்ட பிறகு, லேப்டாப் கம்பெனியே தரும் மென்பொருளில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி ஒரு வசதி இருந்தால் அதை ஆன் செய்துவிட வேண்டும். விடுதிப் பிள்ளைகள் காலையில் செருகும் சார்ஜரை ராத்திரி வரை எடுப்பதில்லை. அதோடு, ஷட் டவுன் செய்யாமல் மூடிப் பைக்குள் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். நம்ம ஊர் மே மாதத்துக்கு இரண்டும் சேர்ந்தால் போதும்.

சரி, கடைக்கு வருவோம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உதவியது ராமும் இல்லை, எஸ்.எம்.பி.எஸ்ஸும் இல்லை, உங்கள் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம். மதர்போர்டுக்கு மணி பார்க்கத் தெரியாது. செத்துப்போன போர்டு காலை பத்துக்கும் சாகும், ராத்திரி எட்டுக்கும் சாகும். சூடு ஏறினால் மட்டும் தகராறு செய்கிற போர்டு உண்டுதான், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் மதியம் நிற்பது, உடனே போட்டால் மறுபடி நிற்பது, அரை மணி ஆறவிட்டால் ஓடுவது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் சூடு.

இதில் ஒரு சின்னக் கூட்டல் கணக்கு இருக்கிறது. பிராசசரின் வெப்பம் எப்போதும் சுற்றியிருக்கும் காற்றின் வெப்பத்துக்கு மேலேதான் ஏறி நிற்கும். இரவில் உங்கள் மரப்பெட்டிக்குள் 28 டிகிரி, பிராசசர் 84 என்று வைத்துக்கொள்வோம். காற்றைவிட 56 கூடுதல். 84 என்பது கொதிப்புதான், ஆனாலும் ஓடும், உங்களுக்குத் தெரியாது. அதே வேலை, அதே மிஷின், மதியம் சிமெண்ட் சீட்டுக்குக் கீழே பெட்டிக்குள் 44 டிகிரி. 44-உம் 56-உம் நூறு. இந்த வகை பிராசசருக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொடும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நிற்பதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் மவுஸ்கூட இழுத்து இழுத்து நகர்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். குறைத்தும் ஏறினால், கருகாமல் இருக்கத் தானே மின்சாரத்தை வெட்டிக்கொள்ளும். நீங்கள் பார்க்கிற 'பொட்' அதுதான்.

நல்ல நிலையில் இருக்கும் ஐ3, டைப்பிங், பிரவுசர் வேலைக்குக் காற்றைவிட 20, 30 டிகிரிக்கு மேல் போகாது. அது சாதுவான பிராசசர். உங்கள் மிஷினில் இதைவிட மிக அதிகமாகப் போகிறது என்றால் அந்த அதிகம்தான் நோய். வேலூர் வெயில் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். கார்த்திகையில் இந்தக் கடிதம் வந்திருக்காது.

எஸ்.எம்.பி.எஸ் மாற்றியதும் பத்து நாள் ஓடியதே என்று நினைப்பீர்கள். இரண்டு சந்தேகம் எனக்கு. எந்தக் கடையில் கேபினட்டைத் திறந்தாலும் திருப்பித் தரும் முன் பிளோயரால் ஒரு முறை ஊதித்தான் தருவார்கள். தூசி கொஞ்சம் போயிருக்கும், அது பத்து நாளைக்குத் தாங்கியிருக்கும். இன்னொன்று, அந்தப் பத்து நாளில் கோடை மழை ஏதாவது பெய்ததா? யோசித்துப் பாருங்கள். காய்ச்சல் தானாக இறங்குகிற அன்றைக்கு மாத்திரை போட்டால் பெயர் மாத்திரைக்குத்தான். அந்தக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். 'ஆஃப் ஆயிடுது' என்று யாராவது வந்தால் எஸ்.எம்.பி.எஸ்ஸில் கை வைப்பது எங்கள் தொழிலின் பழக்கம். நானும் முதல் சில வருடம் அப்படித்தான் இருந்தேன். ரப்பரும் அதே மாதிரிதான். ராமைக் கழற்றி அதன் தங்க நிறப் பட்டைகளை ரப்பரால் தேய்த்துப் போடுவது நல்ல வைத்தியம், ஆனால் வேறு நோய்க்கு: ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்திக்கொண்டு டிஸ்பிளே வராமல் இருப்பதற்கு. ஓடிக்கொண்டிருந்து மதியம் நிற்பதற்கு அல்ல.

மாவு மில்லை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று மாவு. பாலாற்றுப் பக்கம் பறக்கிற மணல் தூசியை ஊதினால் போய்விடும். மாவு அப்படியில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி, பிராசசரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவே பசை மாதிரி ஒட்டிக் காய்ந்து கிடக்கும். பிளோயர் மேலே இருப்பதை மட்டும்தான் எடுக்கும். இரண்டாவது, மில்லின் மோட்டார். பெரிய மோட்டார் கிளம்பும்போது அந்த லைனில் மின்அழுத்தம் ஒரு கணம் இறங்கும். உங்கள் டியூப்லைட் அப்போது மங்குகிறதா? மின்சாரம் ஒரே ஒரு சுற்று, அதாவது நொடியில் 50-ல் ஒரு பங்கு, விட்டுப்போனால் எஸ்.எம்.பி.எஸ் ஏறத்தாழத் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் தாங்காது.

ஆனால் அந்த மின்அழுத்தக் குழிக்கும் சூட்டுக்கும் அடையாளம் வேறு. மின்சாரக் குழியில் விழுந்த கம்ப்யூட்டர் பெரும்பாலும் தானே ரீஸ்டார்ட் ஆகும், அல்லது பட்டனை அழுத்தியதும் எழுந்து நன்றாக ஓடும். ஆற அரை மணி நேரம் கேட்காது. உங்களுடையது கேட்கிறது. விண்டோஸில், நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவர் திறந்தால் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பு வரிகள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு பவர் சப்ளைதான் கோளாறு என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. 'முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றேன்' என்பதற்கு மேல் அந்த வரி எதுவும் சொல்வதில்லை. சூட்டில் நின்றாலும் அதுதான் வரும், பிளக்கைப் பிடுங்கினாலும் அதுதான் வரும்.

இனி செய்ய வேண்டியது. கை வைப்பதற்கு முன், கடையின் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுங்கள், காலை நேரத்தில். பத்து வருட ஹார்டு டிஸ்கில் தினம் இப்படிப் பொட்டென்று நிற்பது நல்லதில்லை. நகல் எடுக்கும்போது டக் டக் என்று சீரான சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். ஆற்காட்டுப் பக்கத்து போட்டோகிராபர் ஒருவர், அந்தச் சத்தத்தோடு இருந்த டிஸ்கை இரண்டு நாள் 'ரிப்பேர்' மென்பொருளில் ஓடவிட்டார். முதல் நாளே அணைத்து எடுத்து வந்திருந்தால் ஒரு கல்யாணத்தின் படங்களில் பாதியாவது மிஞ்சியிருக்கும். சாகிற டிஸ்கை ரிப்பேர் செய்யக் கூடாது, படிக்க முடிகிறதை முதலில் படித்து வெளியே எடுத்துவிட வேண்டும்.

அடுத்து, எச்.டபிள்யூ.மானிட்டர் என்ற இலவச மென்பொருளை இறக்கி பிராசசரின் வெப்பத்தைப் பாருங்கள். காலையில் கடை திறந்து அரை மணியில் ஒரு முறை, மதியம் ஒன்றரைக்கு ஒரு முறை எழுதி வையுங்கள். பக்கத்தில் அறையின் வெப்பம். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் மேலே சொன்ன கூடுதல் தெரிந்துவிடும். அதே நாள் மதியம் கேபினட்டை மரப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, பக்க மூடியைக் கழற்றி, எதிரில் டேபிள் ஃபேனை வைத்து ஓட்டுங்கள். நான்கு மணி வரை நிற்காமல் ஓடினால் பிரச்சனை சூடுதான், அதில் சந்தேகம் வேண்டாம். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. 7,500 சொன்னவரும் 1,800 வாங்கியவரும் இதைச் செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அப்புறம் சுத்தம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு முறை எழுத்துகளுக்கு பிரஷ் போட்டு, ரிப்பன் பார்த்து, எண்ணெய் விட்டு, இரவில் உறை போட்டு மூடியிருப்பீர்கள். அதே கை பத்து வருடமாக இந்தப் பெட்டியின் நான்கு திருகைக் கழற்றவில்லை. உங்கள் குற்றமில்லை, உள்ளே கை வைத்தால் எல்லாம் போய்விடும் என்று எங்களைப் போன்றவர்கள் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். நம்ம ஊரில் முழுப் பெட்டியையும் 'சிபியு' என்று சொல்கிறோமே, அந்தப் பெயருக்கு உரிய நிஜப் பொருள் உள்ளே தீப்பெட்டி அளவில், ஃபேனுக்கு அடியில் மறைந்திருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியட்டும். கேபினட்டைப் படுக்கப் போடுங்கள். பெயிண்ட் அடிக்கும் காய்ந்த பிரஷ், ஒரு பிளோயர், அவ்வளவுதான் கருவி. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பம்பரம் மாதிரி சுற்றவிட்டால் பேரிங் போகும். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விட வேண்டாம், அதன் குழாயில் உண்டாகும் நிலைமின்சாரம் சிப்புகளுக்கு ஆகாது. ஈரத்துணியும் கூடாது.

இப்போது நான் உண்மையில் சந்தேகப்படும் இடம். இன்டெல்லோடு வரும் ஹீட் சிங்க் நான்கு பிளாஸ்டிக் கால்களால் மதர்போர்டில் கவ்விக்கொண்டு நிற்கிறது. வருடக் கணக்கில் சூட்டில் வெந்து அந்தக் கால்கள் முறுகிப்போகும். ஒரு கால் விட்டுக்கொண்டால் போதும், ஹீட் சிங்க் தலைமுடி அளவு சாய்ந்து பிராசசரைச் சரியாகத் தொடாமல் நிற்கும். ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். சாதுவான ஐ3 நிற்கிற அளவுக்குச் சூடாகிறது என்றால் தூசியோடு இதுவும் சேர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. விரலால் ஹீட் சிங்கை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இதுதான். உடைந்த காலுக்கு அந்தக் கால்கள் மட்டும் தனியாகக் கிடைக்கும், கிடைக்காவிட்டால் ஹீட் சிங்கோடு ஃபேன் மாற்றலாம். அதுவும் சில நூறு ரூபாயில் முடிகிற காரியம்.

ஹீட் சிங்கைக் கழற்றிவிட்டால், அதற்கும் பிராசசருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசையான பழைய தெர்மல் பேஸ்டோடு திருப்பி மாட்டக் கூடாது. அது காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து இரு பக்கமும் துடைத்து, நடுவில் துவரம்பருப்பு அளவு புதிய பேஸ்ட் வைத்து, ஹீட் சிங்கை நேராக இறக்கி, கால்களை எதிர்எதிர் மூலையாக அழுத்துங்கள். தோசைக்கு நெய் தடவுவது போலக் கொட்டித் தடவ வேண்டாம், அதிகமானால் வழியும். பிராசசரின் ஃபேன் ஒயரைத் திரும்பச் செருக மறப்பவர்கள் அதிகம், நானே மறந்திருக்கிறேன். இதெல்லாம் பயமாக இருந்தால் ஊரிலேயே நல்ல ஆளைப் பிடித்து, "கழற்றிச் சுத்தம் செய்து பேஸ்ட் வைத்துத் தாருங்கள்" என்று அந்த வேலையை மட்டும் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். "பிரச்சனையைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால் மறுபடி ஏதாவது பொருள் மாறும்.

மரப்பெட்டி வேண்டாம். கட்டாயம் வேண்டும் என்றால் அதன் பின்பலகையையாவது கழற்றிவிடுங்கள். சூடான காற்று பின்பக்கமாகத்தான் வெளியேறுகிறது, பெட்டிக்குள் அது திரும்பவும் முன்னால் வந்து நுழைகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் நின்றால்? அந்த நேரத்தில் வெப்பம் எவ்வளவு இருந்தது என்று நோட்டில் பாருங்கள். 60, 65 டிகிரியிலேயே நின்றிருந்தால் என் கணிப்பு தவறு, பிராசசரை விட்டுவிட வேண்டியதுதான். அப்போது யு.பி.எஸ்ஸைப் பார்க்க வேண்டும். நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, ஆனால் ஜெராக்ஸ் கடையில் இல்லாமல் இருக்காது. லேசர் பிரிண்டரை அதில் செருகியிருக்கிறீர்களா? லேசர் பிரிண்டர் தாளைச் சூடாக்கும்போது சின்ன யு.பி.எஸ் தாங்காத அளவு மின்சாரத்தை ஒரே இழுப்பாக இழுக்கும். பாவம், கம்ப்யூட்டர் சேர்ந்து விழும். பிரிண்டரை நேராகச் சுவரில் செருகுங்கள். யு.பி.எஸ்ஸைச் சோதிக்க, கம்ப்யூட்டருக்குப் பதில் ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பைச் செருகி மெயினை அணைத்துப் பாருங்கள். பல்பு உடனே அணைந்தால் அல்லது இரண்டு நிமிடம்கூட நிற்காவிட்டால் உள்ளே இருக்கும் பேட்டரி முடிந்தது. ஈய அமில பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். சிமெண்ட் சீட்டுக்குக் கீழே அது எத்தனை கோடை தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டிய இடமும் உண்டு. பிராசசரைச் சுற்றிக் குட்டி டப்பாக்கள் மாதிரி நிற்கும் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. குடுமி வைத்ததுபோல் உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ, சூட்டில் மட்டும் தகராறு செய்யும் போர்டு என்று முன்னே சொன்னேனே, அது இதுதான். அதற்கும் முழு போர்டை மாற்ற வேண்டியதில்லை, சால்டரிங் தெரிந்தவர் அந்தக் கெபாசிட்டர்களை மட்டும் மாற்றித் தருவார்.

ஷாக் விஷயம். மதியம் நிற்பதற்கு அது காரணமில்லை, ஆனால் அசட்டை செய்யக் கூடாத விஷயம். எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் நுழையும் இடத்தில், மின்சாரம் வரும் பேஸ் ஒயரிலிருந்தும் திரும்பும் நியூட்ரல் ஒயரிலிருந்தும் கேபினட்டின் உடம்புக்கு இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். மின்இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. உங்கள் கடையில் எர்த் இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது. போக இடமில்லாமல் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி அந்தத் தகரத்தில் தங்கி நிற்கும். கசியும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு விடுகிறது. அந்த நிலையில் பிரிண்டர், பென்டிரைவ் என்று மாற்றி மாற்றிச் செருகும்போது யு.எஸ்.பி போர்ட் போகும். என்றைக்காவது உள்ளே நிஜமாகவே ஒரு ஒயர் உடம்பைத் தொட்டுவிட்டால் அதைத் தடுக்க எதுவுமே இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உங்கள் பிளக் பாயிண்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 230-ஐ ஒட்டி வர வேண்டும். குறைந்தால் எர்த் குழியைத் தேடுங்கள். வெயில் காலத்தில் நம்ம மண் கட்டாந்தரையாகக் காய்ந்துவிடும். கரியும் உப்பும் போட்டுக் குழி தோண்டியவர்கள் கோடையில் அதில் தண்ணீர் ஊற்றுவதை மறந்துவிடுகிறார்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்றும் அந்தச் சின்ன அடாப்டர் கடையில் எங்காவது இருந்தால் தூக்கி எறியுங்கள்.

புதிதாக வாங்கலாமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நான்காம் தலைமுறை ஐ3-க்கு 7,500 ரூபாய் மதர்போர்டு போடாதீர்கள், போர்டே போயிருந்தாலும் போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி ஏறாது. வாடிக்கையாளரின் ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் ஸ்கேன் ஆகிற மிஷினுக்கு அது நல்ல நிலைமை இல்லை. பேஸ்ட் வைத்து, சுத்தம் செய்து, திருவிழா நோட்டீஸ் சீசனைத் தாண்டுங்கள். கையில் காசு சேர்ந்ததும் இன்டர்நெட் வேலைக்கு வேறு மிஷின் பாருங்கள். பழையதை நெட் இணைப்பு இல்லாமல் டைப்பிங்குக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு அது இன்னும் சில வருடம் உழைக்கும்.

எல்லாம் செய்தும் வழிக்கு வராவிட்டால் காட்பாடிக்கு என்னிடம் எடுத்து வாருங்கள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் தூக்கி வர வேண்டாம். கேபினட்டும் நோட்டுப் புத்தகமும் போதும். முடிந்தால் அந்தக் கடையில் கேட்டு, கழற்றிய பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸையும் வாங்கி வாருங்கள். அதை ஓட்டிப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. அது நன்றாகவே ஓடும் என்று நினைக்கிறேன்.